அது எனக்கு என்ன வேணும்?

ஜூலை 3, வியாழன்

டைரி எழுதுற ஆளு நான் இல்லை. மதுரை ஆஸ்பத்திரி சிஸ்டர் சொல்லிட்டாங்க. "மாத்திரை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து உடம்பு என்ன சொல்லுதுன்னு அப்பப்ப எழுதிட்டு வாங்கக்கா." என் உடம்பு என்னைக்கு என்கிட்டப் பேசிச்சு, இன்னைக்குப் பேச? டயர் கடைக்காரர் புது வருசத்துக்குக் கொடுத்த டைரி பிரிக்காமக் கெடந்துச்சு. முதல் பக்கத்துல ஒரு டயர் படம். சரி, எழுதுவோம்.

உடம்பு: நல்லா இருக்கு. பசிக்குது.

பின்னால என் மக மகிழினி எடுத்துப் படிச்சா புரியணும்ல, அதனால விவரமா எழுதி வைக்கேன். நான் ராஜகனி. கோவில்பட்டியில பொம்பளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கேன். எங்க வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் லாரி ஓட்டுதார், மாசத்துல பாதி வடக்கேதான். அவருக்கு ஒரே ஒரு அக்கா. எனக்கு மதினி. பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். மதினிக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச வருசத்துல கட்டி, நிக்காத ரத்தப்போக்கு, கடைசியில கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. ஆனா கருமுட்டைக்கு ஒரு குறையும் இல்லை. அதனால மதினியோட முட்டையையும் அவங்க வீட்டுக்காரர் சேர்மராஜ் அண்ணனோட உயிரணுவையும் ஆஸ்பத்திரியில சேத்து, கருவாக்கி, உறைய வச்சுப் பாதுகாத்துட்டு இருக்காங்க. சொமக்க ஒரு வயிறுதான் வேணும். ஏற்கெனவே ஒரு பிள்ளை பெத்தவளா இருக்கணும், காசுக்குச் செய்யப்படாதுன்னு சட்டம். கோர்ட்டு வரைக்கும் போய்க் கையெழுத்துப் போட்டாச்சு. அந்த வயிறு என்னோடது.

ரெண்டு கரு இருந்துச்சு. சித்திரையில ஒண்ணை வச்சாங்க, தங்கலை. இப்ப மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான். இன்னொரு தடவை முட்டை எடுக்க மதினி உடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. இது தங்கினா உண்டு, தங்கலைன்னா அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பயமும் இல்லை. நான் என்ன, இடம் கொடுக்கிற ஆளு. வர்றதும் வராததும் அதோட இஷ்டம்.

ஜூலை 6, ஞாயிறு

மாத்திரை போட்டா தலை லேசாக் கனக்கு. வேற ஒண்ணும் இல்லை. ரெண்டு நாளா வராத தண்ணி இன்னைக்கு வந்துச்சு, அண்டா குண்டா எல்லாம் நெறைச்சு வச்சேன்.

மகிழினிக்கு ஒம்பது வயசு. அவகிட்ட எதையும் மறைக்கலை. "அத்தைக்கு வயித்துல பாப்பா வளர இடம் இல்லைடி. அத்தை பாப்பாவை அம்மா கொஞ்ச நாள் வச்சிருந்து கொடுக்கப் போறேன்"னேன். இட்லியைப் பிச்சுக்கிட்டே ரொம்ப யோசிச்சா.

"சரிம்மா. அது எனக்கு என்ன வேணும்?"

"என்ன வேணும்னா? அத்தை பிள்ளை. பையனாப் பொறந்தா உனக்கு மச்சான்."

"உன் வயித்துலேர்ந்துதானே வரும்? உன் வயித்துலேர்ந்து வந்தா தம்பில்லா?"

நாக்பூர்ல இருக்கிற அவ அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு வந்துச்சே ரோசம்! "யம்மா தாயே, தாய்மாமன் நான். என் மடியில உக்கார வச்சுத்தான் மொட்டை, காதுகுத்து எல்லாம். என் பதவியில யாரும் கைவைக்காதீங்க" ன்னார்.

"சொமக்கப்போறது உங்க பொண்டாட்டி. அப்ப நீங்க அதுக்கு யாரு?"

"அது வேற டிபார்ட்மென்ட்டுடி" ன்னு வச்சுட்டார்.

சாயங்காலம் மதினி வந்தப்ப மகிழினி அவங்ககிட்டயும் கேட்டா. மதினி யோசிக்கவே இல்லை. "முறைன்னா முறைதான். அத்தை பிள்ளை அத்தை பிள்ளைதான். வயித்தை வச்சா முறை பாக்காங்க?" விசில் ஊதாத குறைதான்.

ஜூலை 10, வியாழன்

உடம்புக்கு என்ன கேடு, நல்லாத்தான் இருக்கு. மனசுதான் எரியுது.

மதினி இன்னைக்கும் வந்தாங்க. உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் மணக்க மணக்கத் தூக்குல கொண்டுவந்தாங்க. அடுப்படியில வச்சாங்க. "சூடு ஆறுமுன்ன தின்னுரு"ன்னாங்க. போய்ட்டாங்க. அவ்வளவுதான்! எப்படி இருக்கே, மாத்திரை ஒத்துக்கிடுதா, தலை சுத்துதா, ஒரு வார்த்தை? வாய்ல என்ன கொழுக்கட்டையா? சித்திரையில அது தங்கலைன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து இப்படித்தான். என் முகத்தைப் பாக்காங்க, என் கையைப் பாக்காங்க, கழுத்துக்குக் கீழ மட்டும் பாக்கமாட்டாங்க.

இதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது. ஒரு மரியாதைக்குக் கேக்கலாம்லன்னுதான் சொல்லுதேன்.

என் தாலியில முதல் முடிச்சு அவர் போட, மிச்ச ரெண்டையும் போட்டது மதினிதான். நாத்தனார் பொறுப்புல்லா அது. போட்டாங்க பாருங்க ஒரு இறுக்கு, அடுத்த வருசம் தாலிக்கொடி மாத்தும்போது கத்திரி வச்சு வெட்டினோம். எந்த வேலையையும் அரையும் குறையுமாச் செஞ்சு அவங்களுக்குப் பழக்கம் இல்லை. ஒரே ஒண்ணைத் தவிர. கார் ஓட்டப் படிக்க என்கிட்டதான் வந்தாங்க. கிளாஸ் எடுக்கிற வண்டியில எனக்குன்னு தனியா ஒரு பிரேக் உண்டு. ஆனா மதினி வண்டி ஓட்டும்போது எனக்கு வேலையே கிடையாது, எந்நேரமும் அவங்களே பிரேக் மேல காலை வச்சிருப்பாங்க. லைசென்ஸ் வாங்கினாங்க, பீரோவுல வச்சுப் பூட்டினாங்க, அதோட சரி.

ஜூலை 16, புதன்

மதுரை போய் ஸ்கேன் பாத்தாச்சு. கருப்பையில உள்பக்கம் நல்லா மெத்தை மாதிரி வளந்திருக்குன்னு டாக்டரம்மாவுக்குச் சந்தோசம். செவ்வாய்க்கிழமை கருவை உள்ள வச்சிரலாம்னாங்க.

நானும் மதினியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். நாளைக்கு ஆடி பொறக்கு.

மதினி மெதுவாக் கேட்டாங்க. "ஆவணிக்குத் தள்ளி வைக்க முடியுமா டாக்டர்?"

"ஏம்மா?"

"ஆடியில ஒரு நல்ல காரியமும் ஆரம்பிக்கமாட்டோம்."

டாக்டரம்மாவும் நம்ம ஊர்க்காரங்கதான், சிரிச்சுட்டாங்க. அதுக்குள்ள வெளிய நின்ன சேர்மராஜ் அண்ணன் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்துட்டார். அவருக்கு எலக்ட்ரிக் கடை. ஆனா அவங்க அப்பா கம்பும் உளுந்தும் போட்ட கரிசக்காட்டுக்காரர். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லியிருக்கு. கல்யாணத்துக்குத்தான் ஆடி ஆகாது, விதைக்கிறதுக்கு ஆடியை விட்டா வேற மாசம் உண்டா?" ன்னு சொல்லி முடிக்குமுன்னயே கண்ணு கலங்கிட்டார். டி.வி.யில யாரு அழுதாலும் கூட அழுற மனுசன் அவர். மதினி பேசாம எழுந்து வந்துட்டாங்க. சரின்னு அர்த்தம்.

இன்னையிலேர்ந்து, கரு தங்குறதுக்குப் போடுற எண்ணெய் ஊசி ஆரம்பம். இடுப்புக்குக் கீழ போடுற ஊசி. உக்காந்தா வலி, படுத்தா வலி. மூணாவது தெரு நர்ஸம்மா போடுதாங்க. நல்ல கை அவங்களுக்கு, ஆனா ஊசி நல்ல ஊசி இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

வச்சாச்சு. படுத்துக்கிட்டு எழுதுதேன், எழுத்து கோணலா இருந்தா குத்தம் சொல்லப்படாது.

காலையில எல்லாரும் மதுரைக்குக் கிளம்பினோம். சிஸ்டர் முன்னமே சொல்லியிருந்தாங்க, தண்ணி நிறையக் குடிக்கணும், ஒன்னுக்குப் போகப்படாது, பை நெறைஞ்சிருந்தாதான் ஸ்கேன்ல கருப்பை தெளிவாத் தெரியும்னு. நான் எதையும் குறைச்சுச் செய்ற ஆளா? திருமங்கலம் தாண்டும்போதே முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரியில எனக்கு முன்னால ரெண்டு பேரு. ஒருத்தி தும்மினா எனக்கு உயிர் போச்சு.

ஒருவழியாக் கூப்பிட்டாங்க. பச்சைக் கவுனு, தலைக்குத் தொப்பி. மதினிக்கும் அதே வேசம். மதினி என் தலைமாட்டுல நின்னாங்க. அந்த ரூம்ல செவத்துல ஒரு சின்ன ஜன்னல். அதுக்கு அந்தப் பக்கம்தான் கருவை வச்சிருக்காங்க. ஜன்னல் திறந்து முகமூடி போட்ட பொண்ணு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. ஆள் மாறிப் போகக்கூடாதுல்ல, அதனால சொமக்கிறவங்களே வாயால சொல்லணுமாம், கூட நிக்கவங்க எடுத்துக் கொடுக்கப்படாதாம்.

"உங்க பேரு?"

"ராஜகனி."

"யாரோட கரு?"

"எங்க மதினியோடது."

"பேரு சொல்லுங்க."

"மதினி."

"மதினின்னு இங்க எழுதலையேம்மா."

ஜன்னல் டப்புன்னு மூடிக்கிடுச்சு. உள்ள ஏதோ தாளைப் புரட்டுற சத்தம். டாக்டரம்மா கையைத் தூக்கினபடி அப்படியே நிக்காங்க. எனக்கு மேல மதினி, ரூல்னா ரூல்னு உதட்டை இறுக்கிக்கிட்டு, கண்ணை மட்டும் உருட்டுதாங்க.

பேரு தெரியாமலா? கல்யாணப் பத்திரிகையில அடிச்சிருக்கு, ரேசன் கார்டுல பாத்திருக்கேன், கோர்ட்டுல நான் கையெழுத்துப் போட்ட தாள் பூரா அந்தப் பேருதான். ஆனா கட்டி வந்த நாள்லேர்ந்து என் வாயால ஒரு தடவை கூடச் சொன்னது கிடையாது. வயசுல மூத்தவங்க, வீட்டுக்காரருக்கு அக்கா, தாலி முடிச்சுப் போட்டவங்க. அவங்களைப் போய்ப் பேர் சொல்லுறதா? இந்த டைரியில கூட 'மதினி வந்தா'ன்னு எழுதலாம்னு பாக்கேன், கை 'வந்தாங்க'ன்னுதான் எழுதுது.

"ஒரு பேருதானம்மா, சொல்லுங்க" ன்னாங்க டாக்டரம்மா.

"சந்..."

"சத்தமா."

"சந்தனமாரி!" ரோட்டுல மாடு குறுக்க வந்தா கத்துவேன்ல, அப்படிக் கத்திட்டேன்.

"உள்ளேன் அம்மா!" ன்னு என் தலைமாட்டுல ஒரு குரல்.

தெனமும் அட்டெண்டன்ஸ் எடுக்கிற வாய்ல்ல, பேரைக் கேட்டதும் அவங்களை அறியாம வந்துடுச்சு. டாக்டரம்மா சிரிக்க, சிஸ்டர் சிரிக்க, ஜன்னலுக்குள்ள இருந்த பொண்ணு சிரிக்க, "யாரும் சிரிக்காதீங்க, எனக்கு முட்டிக்கிட்டு நிக்கு"ன்னு நான் கெஞ்ச, ஒரே கூத்து.

அப்புறம் மெல்லிசா ஒரு குழாய். வலியெல்லாம் இல்லை, லேசா ஒரு இழுப்பு. "திரையைப் பாருங்க"ன்னாங்க. சாம்பல் கலர்ல என்னமோ மூட்டமா இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு வெள்ளைப் பொட்டு வந்து நின்னுச்சு. வந்து, அப்படியே நின்னுக்கிடுச்சு. "அதான்"னாங்க டாக்டரம்மா.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. "மதினி, பாத்தீங்களா"ன்னு திரும்பினேன். மதினி கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்காங்க! அவங்க பிள்ளை வந்து சேந்ததை நான் மட்டும்தான் பாத்திருக்கேன். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு தண்ணியைக் குடிச்சு, அடக்கி, பேரைச் சொல்லி, எல்லாம் யாருக்காக?

ஒண்ணும் கேக்கலை. கேட்டு என்ன ஆகப்போவுது. பாத்ரூம் போய்ட்டு வந்து படுத்துட்டேன்.

ஜூலை 23, புதன்

சும்மா கெடக்கேன். எரிச்சலா வருது.

ஜூலை 26, சனி

நடமாடலாம், வேலை பாக்கலாம்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. ஆனா வீட்டுல ஊரடங்குச் சட்டம். வண்டி ஓட்டப்படாதுன்னு எங்க வீட்டுக்காரர் நாக்பூர்லேர்ந்து உத்தரவு, சேர்மராஜ் அண்ணன் கடையிலேர்ந்து உத்தரவு.

அதனால மைதானத்து ஓரத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்து கிளாஸ் எடுத்தேன். "கிளட்சை மெதுவா விடுங்கக்கா! மெதுவா! அது என்ன உங்க மாமியார் கழுத்தா?" ன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. வண்டி தூரத்துல போவுது, என் கால் புல்லை மிதிக்குது. பக்கத்துல பிரேக் இல்லைன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. வயித்துக்குள்ள இருக்கிறதுக்கும் நான் பிரேக்கும் போட முடியாது, ஆக்சிலரேட்டரும் குடுக்க முடியாது. அது பாட்டுக்கு அது. இப்படி ஒரு கிளாஸ் நான் எடுத்ததே இல்லை.

மதினி பருப்புத் துவையலும் ரசமும் கொண்டுவந்து வச்சாங்க. ஒண்ணும் கேக்கலை.

ஜூலை 29, செவ்வாய்

மாரு வலிக்கு, வயிறு உப்புது, மீன் வாடையே ஆகலை. அவசரப்பட்டுச் சந்தோசப்படாதீங்கக்கா, அந்த ஊசியே இத்தனையும் பண்ணும்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க. தெரியும். சித்திரையிலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு.

நான் வயித்துக்கிட்ட எல்லாம் பேசலை. ஆட்டோவுல போறப்ப "பள்ளம் வருது, நல்லாப் பிடிச்சுக்கோ"ன்னு சொன்னது ஆட்டோக்காரர்கிட்டதான். மகிழினிக்குக் காது ரொம்ப நீளம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ரொம்ப ராத்திரியாயிடுச்சு. இருந்தாலும் எழுதிருதேன்.

காலையில மகிழினியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு பாத்ரூம் போனா, துணியில ரத்தக் கறை. கொஞ்சமாத்தான். ஆனா செவப்பு செவப்புதானே. அப்படியே செவத்துல சாஞ்சு உக்காந்துட்டேன். பயம் இல்லை, பயம் இல்லைன்னு இந்த டைரியில எழுதினதெல்லாம் பொய். எனக்கு முதல் நாள்லேர்ந்து பயம்தான். அந்த ஒத்தப் பொட்டு வந்து நின்னதைப் பாத்தவ நான். அது போயிருச்சுன்னா நான் யாருகிட்டச் சொல்லுவேன்?

சிஸ்டருக்குப் போன் போட்டேன். "பதறாதீங்கக்கா, சில பேருக்கு இப்படி வரும். இன்னைக்கே வாங்க, ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்"னாங்க. எங்க வீட்டுக்காரர் லாரியோட எங்கயோ மலையில, போன் எடுக்கலை. சேர்மராஜ் அண்ணன் தூத்துக்குடிக்குச் சரக்கு எடுக்கப் போயிருக்கார். மதினிக்கு அடிச்சேன்.

"மதினி, லேசா ரத்தம்..."

"வாரேன்."

டாக்ஸிக்குச் சொல்லிட்டு வாசல்ல நிக்கேன். கொஞ்ச நேரத்துல தெருமுனையில ஒரு சத்தம். லோடு லாரி மலையேறுற மாதிரி இஞ்சின் அலறுது, நடுநடுவுல விசில் சத்தம் வேற. பாத்தா சேர்மராஜ் அண்ணன் கார்! உள்ள மதினி. டிராக் பேண்ட்டு, வாயில விசில். பிள்ளைகளைக் கிரவுண்டுலயே விட்டுட்டு வீட்டுக்கு ஓடி, சாவியை எடுத்திருக்காங்க. ஹாரன் எங்க இருக்குன்னு மறந்துபோய், விசிலை ஊதிக்கிட்டே ஊரைக் கடந்து வந்திருக்காங்க. அதுவும் முழுக்க ஃபர்ஸ்ட் கியர்ல!

"ஏறு"ன்னாங்க.

"டாக்ஸி வருது மதினி."

"வந்தாத் திரும்பிப் போவட்டும். ஏறுட்டி!"

ஏறினேன். ஏறினதும் கருகுற வாடை. "மதினி, ஹேண்ட்பிரேக்."

"அது எங்க இருக்கு?"

"உங்க இடது கைக்கிட்ட. வீட்டுலேர்ந்து அதை இழுத்துப் போட்டுக்கிட்டேதான் வந்திருக்கீங்க."

பயத்தோட பயமா எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. மதினி சிரிக்கலை. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாங்க. வண்டி அப்பாடான்னு ஒரு மூச்சு விட்டுச்சு.

நாலு வழிச் சாலையில ஏறினப்புறம், "ரெண்டாவது போடுங்க. மூணாவது. கண்ணாடி பாருங்க"ன்னு நான் சொல்லச் சொல்லப் போட்டாங்க. என் கால் மட்டும் வெறும் மிதியடியை அழுத்தி அழுத்தி வலிச்சுப் போச்சு. இந்த வண்டியில எனக்கு பிரேக் கிடையாதுல்ல.

சாத்தூர் தாண்டினதும் என்னால அடக்க முடியலை. "மதினி, ஒண்ணு கேக்கேன். இத்தனை நாள்ல ஏன் ஒரு தடவை கூட எப்படி இருக்கேன்னு கேக்கலை?"

"ரோட்டைப் பாக்க விடு."

விருதுநகர் வரைக்கும் ரோட்டைத்தான் பாத்தாங்க. அப்புறம் அவங்களே ஆரம்பிச்சாங்க.

"சித்திரையில, தங்கலைன்னு தெரிஞ்ச அன்னைக்கு நீ என்கிட்ட என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்லை மதினி."

ஞாபகம் இருக்கு. நல்லாவே இருக்கு.

"என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'என்னை மன்னிச்சிருங்க மதினி'ன்னே. நீ என்னட்டி தப்புப் பண்ணே? எனக்காக ஊசி குத்திக்கிட்டவ நீ, மன்னிப்பும் நீயே கேக்கணுமா? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி இவகிட்ட ஒரு கேள்வி கேக்கப்படாதுன்னு. நான் கேட்டா நீ பதில் சொல்லியாகணும். இல்லைன்னு சொல்ற மாதிரி ஆச்சுன்னா மறுபடி என் முன்னால தலையைக் குனிவே. எனக்குப் பிள்ளை இல்லாட்டிப் போவுது ராஜகனி. நீ அப்படி நிக்கதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

நான் ஏங்கி ஏங்கி அழுதேன்.

"அழாதே, எனக்கு ரோடு தெரியலை"ன்னாங்க.

"நான் அழுதா உங்களுக்கு எப்படி மதினி ரோடு மறைக்கும்?" ன்னு திரும்பிப் பாத்தா, அவங்க கன்னத்துலயும் தாரை தாரையா ஓடுது. ஆனா ரெண்டு கையும் ஸ்டியரிங்ல, நான் சொல்லிக்கொடுத்த அதே இடத்துல.

"நாலாவது கியர் போடுங்க. வண்டி கத்துது."

போட்டாங்க.

ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. உக்காரச் சொன்னாங்க. மதினி என் கையை விடவே இல்லை, எனக்கு விரலெல்லாம் மரத்துப் போச்சு. டாக்டரம்மா கூப்பிட்டு, "பாசிட்டிவ். நல்ல அளவுலயே இருக்கு. ஒட்டிப் பிடிக்கும்போது சில பேருக்கு லேசா ரத்தம் படும். திங்கக்கிழமை இன்னொரு தடவை பாத்துருவோம்"னாங்க. மதினி அதையே மூணு தடவை திரும்பச் சொல்ல வச்சாங்க. அப்புறம் வராந்தாவுக்கு வந்து, விசிலை எடுத்து வாயில வச்சாங்க. ஆஸ்பத்திரின்னு ஞாபகம் வந்து எடுத்துட்டாங்க.

ஆகஸ்ட் 4, திங்கள்

அளவு ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு! கறையும் நின்னுடுச்சு. சேர்மராஜ் அண்ணன் கடையில பல்பு வாங்க வந்த ஆளைக் கட்டிப்பிடிச்சு அழுதாராம். அந்த ஆள் பல்பு வாங்காமலே போயிட்டானாம்.

மதினி இப்ப போன் மேல போன். சாப்பிட்டியா, படுத்தியா, வாந்தி வந்துச்சா, என்ன கலர்ல வந்துச்சு? யாத்தே, பழைய மதினியே தேவலை.

ஆகஸ்ட் 20, புதன்

உடம்பு: காலையில மூணு தடவை வாந்தி. ரொம்ப நல்லா இருக்கேன்.

இன்னைக்கு இதயத் துடிப்பு பாக்கிற ஸ்கேன். ரத்தத்துல எல்லாம் சரியா இருந்தும், துடிப்பு தெரிஞ்சாதான் உறுதி. மதினிதான் கார் ஓட்டிட்டு வந்தாங்க, நாலாவது கியர்ல, ஹாரனும் அடிச்சு. சேர்மராஜ் அண்ணன் பின்சீட்டுல கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கிட்டே வந்தார். பிள்ளைக்காகச் சொன்னாரா, மதினி ஓட்டுறதுக்காகச் சொன்னாரான்னு தெரியலை.

நான் படுத்திருக்கேன், மதினி தலைமாட்டுல. டாக்டரம்மா கொஞ்ச நேரம் தேடினாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துல நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுட்டேன். அப்புறம் திரையை எங்க பக்கம் திருப்பினாங்க.

பாத்தேன். பாத்ததும் மேல நிமிந்து மதினியைப் பாத்தா, மறுபடியும் கண்ணை மூடிக்கிட்டு நிக்காங்க.

"மதினி, கண்ணைத் திறங்க."

மாட்டேன்னு தலையை ஆட்டுதாங்க.

"மதினி!"

ம்ஹூம். எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ, "சந்தனமாரி! கண்ணைத் தொற!" ன்னு ஒரு அதட்டு அதட்டிட்டேன்.

டாக்டரம்மாவே திடுக்கிட்டுட்டாங்க. மதினி பட்டுன்னு முழிச்சாங்க. திரையில அரிசி மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள மினுக் மினுக்னு விட்டுவிட்டுத் துடிக்குது. வண்டி திரும்பப்போவுதுன்னு இண்டிகேட்டர் போடுவோம்ல, அச்சு அசல் அதே மாதிரி.

மதினி குனிஞ்சு என் நெத்தியில முகத்தை வச்சுக்கிட்டாங்க. "பேரச் சொல்லிட்டியேட்டி"ன்னாங்க. நான் மன்னிப்புக் கேக்கலை.

வீடு வந்து சேந்தா மகிழினி வாசல்லயே காத்துக்கிட்டு நிக்கா. எங்க வீட்டுக்காரர் போன்ல ஸ்பீக்கர்ல இருக்கார். மகிழினி யாரையும் உக்காரக்கூட விடலை. "பாத்தீங்களா அத்தை? நெசமாவே இருக்கா? இப்பவாச்சும் சொல்லுங்க, அது எனக்கு என்ன வேணும்?"

மதினி தரையில உக்காந்து அவளை மடியில இழுத்து வச்சுக்கிட்டாங்க.

"தம்பி. இல்லைன்னா தங்கச்சி."

நான் பதறிப்போய்ட்டேன். "என்ன மதினி, முறையையே மாத்துதீங்க?"

"மாறட்டும். உன் வயித்துல கெடந்து வர்றது இவளுக்குக் கூடப்பொறந்தது இல்லாம வேற யாரு? ரெண்டு அம்மா இருந்தா ரெண்டு அம்மான்னு இருந்துட்டுப் போவட்டும்."

முறைன்னா முறைதான்னு சொன்ன வாய் அது. போன்லேர்ந்து எங்க வீட்டுக்காரர் அலறுதார். "ஏ யக்கா, அப்ப என் தாய்மாமன் பதவி என்னாச்சு?"

"அதையும் நீயே வச்சுக்கோலே, யாரு வேண்டாம்னா?"

மகிழினி விரல் விட்டு எண்ணிக்கிட்டே, "அது தம்பின்னா, நீங்க எனக்கு அத்தையா பெரியம்மாவா?" ன்னு அடுத்த கேள்வியை ஆரம்பிச்சுட்டா. சேர்மராஜ் அண்ணன் வழக்கம்போல கண்ணைத் துடைக்கார்.

பால் பொங்குதான்னு பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு நான் அடுப்படிக்கு வந்துட்டேன். ரொம்ப நேரம் அங்கேயே நின்னேன். அடுப்புல பாலே வைக்கலை.